பத்ராவியின் பேரில் ஒரு மாத்திரை

மரவேலைக்குப் பேர்போன எங்கள் தும்யாத் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று கெய்ரோவிலிருந்து சோபா வாங்க வருகிறவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்லட்டும். வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களை யார் தடுக்க முடியும்? அவர்களில் ஒருவராவது எங்கள் செதுக்குக்காரர் தெருவுக்குள் நுழைந்து மித்வல்லியின் கடையில் டீ குடித்திருந்தால் அப்படிச் சொல்ல நாக்கு எழும்பியிருக்காது. அங்கே டீயோடு ஒரு கிளாஸ் தண்ணீர் வரும், தண்ணீரோடு ஓர் ஆஸ்பிரின் மாத்திரையும் வரும். மாத்திரைக்குக் காசு கிடையாது.

கல்லா மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து எடுத்த மாத்திரைகள். குழந்தைகளுக்குக் கொடுக்கிற சின்ன அளவுதான். நாக்கில் வைத்தால் லேசாக ஆரஞ்சு மணக்கும். கத்தரிக்கிற வேலை மித்வல்லியின் மனைவி நபவிய்யாவுடையது. ஜாடியின் கழுத்தில் ஒரு துண்டு அட்டை தொங்கும். 'பத்ராவிக்காக ஒரு ஃபாத்திஹா ஓதுங்கள்' என்று அதில் எழுதியிருக்கும். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, உள்ளங்கைகளை விரித்து, குர்ஆனின் அந்த முதல் அத்தியாயத்தை உதடு அசைய ஓதிவிட்டுத்தான் தெருக்காரர்கள் டீயைத் தொடுவார்கள்.

பத்ராவி மித்வல்லியின் அண்ணன். அண்ணன் என்று பேருக்குச் சொல்கிறோமே தவிர, தகப்பன் போன பிறகு தகப்பனாக இருந்தவரும் அவர்தான். தெருவிலேயே பெரிய கை. நாற்காலி முதுகில் அவர் திராட்சைக் கொடி செதுக்கினால் பறித்துத் தின்னத் தோன்றும். தம்பியையும் அந்த வேலையில்தான் உட்கார வைத்தார். மித்வல்லிக்கு உளி படியவில்லை. மாதக்கணக்கில் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி அவர் செதுக்கிய முதல் ரோஜா முட்டைக்கோஸாகத்தான் வந்தது. அதைப் பார்த்து மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பத்ராவி சிரிக்கவில்லை. "மரத்தை விட்டுடுடா. உனக்கு மனுஷங்களோட பேச வருது. தண்ணியைக் காய்ச்சிப் பொழைச்சுக்கோ" என்று சொல்லி, தன் கைக்காசில் இந்தக் கடையை வைத்துக் கொடுத்தார். அந்த முட்டைக்கோஸ் ரோஜா இன்றும் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைக் கழற்ற மித்வல்லிக்கு மனசு வந்ததில்லை.

மித்வல்லி குள்ளம். காது மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் பெரிது. பேச்சில் நேர்மை, கணக்கில் நேர்மை. டீத்தூள் விஷயத்தில் மட்டும் அவரை நம்பக் கூடாது. அவர் கடை டீயின் வழியாகப் பார்த்தால் எதிர்ப்பக்கம் டொமினோ ஆடுகிறவனின் கைக் காய்கள் தெரியும் என்று செதுக்குக்காரர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட மனுஷன் இலவசமாக ஒன்றைக் கொடுக்கிறார் என்றால் அதற்குப் பின்னால் பெரிய வலி இருந்தாக வேண்டும். இருந்தது.

ஒரு வசந்தப் பண்டிகை நாள். வீட்டுக்கு வீடு உப்பில் ஊறிய மீனும் வெங்காயமும் தின்று மூச்சு முட்டிக் கிடந்தார்கள். சாயங்காலம் பத்ராவி கடைக்கு வந்து கதவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டு, எரிகிறது என்றார். இத்தனை மீனைத் தின்றால் எரியாமல் என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டே மித்வல்லி சீரகத்தைக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்து கொடுத்தார். அண்ணன் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இன்னொரு கிளாஸ் கொடு என்றார். இரண்டாவது கிளாஸில் பாதி அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் பணியில் இருந்த டாக்டர் வாலிபப் பையன். எல்லாம் முடிந்த பிறகு, ஏதோ எழுதிக்கொண்டே, "ஆஸ்பிரின் குடுத்தீங்களா?" என்று கேட்டான்.

"சீரகத் தண்ணி குடுத்தேன்" என்றார் மித்வல்லி.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதுவதைத் தொடர்ந்தான். திட்டியிருந்தால்கூட மித்வல்லி மறந்திருப்பார். அந்தத் தலையாட்டல்தான் அவரைத் தின்றது. ஒரு மாத்திரை, குழந்தைகூட மெல்லுகிற மாத்திரை, அது இல்லாமல் என் அண்ணன் போய்விட்டாரே என்று அவர் அழுத அழுகையை நபவிய்யா மட்டும்தான் அறிவாள்.

எங்கள் ஊரில் செத்தவர்கள் பேரில் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வைப்பார்கள். குடிக்கிறவன் துஆ செய்துவிட்டுப் போவான், புண்ணியம் போனவருக்குச் சேரும். எங்கள் தெருவில் ஏற்கெனவே திரும்பின பக்கமெல்லாம் தொட்டி. தாகம் எடுக்கவே வழியில்லை. நாற்பதாம் நாள் முடிந்ததும் மித்வல்லி ஜாடியைக் கொண்டுவந்து வைத்தார். என் அண்ணனுக்குக் கிடைக்காதது இந்தத் தெருவில் எல்லோருக்கும் கிடைக்கட்டும் என்றார். பள்ளிவாசல் இமாம் வந்து பார்த்துவிட்டு, நல்ல தருமம் என்று சொல்லி, தானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் யார் என்ன சொல்ல?

ஒருத்தி சொன்னாள். தெருமுனை மருந்துக்கடை இனாஸ். அவள் தகப்பன் நடத்திய கடையை அப்போதுதான் எடுத்து நடத்த ஆரம்பித்திருந்தாள். முதல் சில பெட்டிகளை மித்வல்லி அவளிடம்தான் வாங்கினார். இத்தனை எதற்கு என்று கேட்டதற்கு வீட்டுக்கு என்றார். வீட்டில் இருப்பது இரண்டு பேர் என்பது அவளுக்குத் தெரியாதா? கடைக்கே வந்து ஜாடியைப் பார்த்தாள்.

"மாமா, இதை எல்லாருக்கும் குடுக்கக் கூடாது. இது பேரீச்சம்பழத் தட்டு இல்லை, சுத்தி வர."

"சின்னப் புள்ளைங்க திங்கிற அளவும்மா இது. என்ன பண்ணிடப் போகுது?"

"சிலருக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு உயிரைக் காக்கும். சிலருக்கு உள்ளே ரத்தம் கசியும். யாரு எதுன்னு டீ ஆத்துற நேரத்துல உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மித்வல்லி சிரித்து மழுப்பினார். அவளுக்கு ஒரு டீ கொடுத்தார், நல்லவேளையாக மாத்திரை இல்லாமல். அடுத்த பெட்டியை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் வாங்கினார். இனாஸ் வயசுக்கு அவளுக்கு என்ன தெரியும், புத்தகத்தில் பக்கவிளைவு என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற வயசு என்று நபவிய்யாவிடம் சொன்னார். நபவிய்யா கத்தரிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடி கத்தரித்தாள். ஜாடியை எடு என்பது அண்ணனை எடு என்பது போல இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனது கண்ணெதிரேதான் ஆகிக்கொண்டிருந்தது, நாங்கள்தான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். செதுக்குக்காரன் கை என்றால் உளி பட்டுக் கீறத்தான் செய்யும். முன்பெல்லாம் விரலை வாயில் வைத்துச் சப்பினால் நின்றுவிடும். இப்போது துணி சுற்றினாலும் கசிந்தது. வெள்ளை வெளேரென்ற மரத்தில் சொட்டி, கறையை இழைப்புளியால் சீவ வேண்டியதாயிற்று. முழங்கையில் லேசாக இடித்தாலே கத்திரிக்காய் நிறத்தில் கன்றியது. அதையெல்லாம் கடையில் கொண்டுவந்து ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்தார்கள்.

அதிகம் சிரித்தவர் ஸக்லூல் மேஸ்திரி. பத்ராவியின் கையில் வேலை கற்றவர். பத்ராவி போன பிறகு தெருவில் பெரிய கை இவருடையதுதான். மித்வல்லியோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல், முதுகுவலி ஒன்றுதான் குறை. நாளெல்லாம் குனிந்து செதுக்குகிறவருக்கு அது இல்லாமல் இருக்குமா? அதற்கு வலி மாத்திரை ஒன்று தனியாகப் போட்டுக்கொள்வார். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஒருநாள் கட்டை விரலில் கட்டோடு வந்து உட்கார்ந்து, "யோவ் மித்வல்லி, இத்தனை நாள் உன் டீதான் தண்ணின்னு நெனைச்சேன். இப்ப என் ரத்தம் அதைவிடத் தண்ணியாப் போச்சுய்யா" என்றார். கடையே குலுங்கியது. மித்வல்லிக்கும் சிரிப்புத்தான். தண்ணியாக ஓடுகிற ரத்தம் எங்கேயும் அடைக்காது, என் அண்ணனுக்கு அடைத்த மாதிரி அடைக்காது என்று அவர் உள்ளுக்குள் பெருமைதான் பட்டுக்கொண்டார்.

ரமலான் வந்தது. பகலில் கடை மூடியிருக்கும். பொழுது சாயும் மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் திறந்து, வெளியே பெஞ்சு போட்டு, வீடு போய்ச் சேர முடியாதவர்களுக்கு நோன்பு திறக்க ஏற்பாடு செய்வார் மித்வல்லி. பேரீச்சம்பழம், தண்ணீர், ஜாடி. ஸக்லூல் மேஸ்திரிக்கு வீடு பக்கம்தான். இருந்தும் பத்ராவியின் நினைவாக அவர் அங்கேதான் நோன்பு திறப்பார். பாங்கு ஒலித்ததும் முதலில் மாத்திரை, அப்புறம்தான் பழம். வேலை கற்றுக்கொடுத்த உஸ்தாதுக்கு முதல் மரியாதை என்பார். பகல் முழுக்கக் காய்ந்து கிடந்த வயிற்றில் அது போய் விழும். முதுகுவலி மாத்திரையும் கூடவே போகும். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து ரொட்டியைக் கரும்புப் பாகிலும் எள் விழுதிலும் தோய்த்துத் தின்பார்.

அந்தப் பாகுதான் எல்லோரையும் ஏமாற்றியது. மலம் கறுத்துப் போகிறது என்று மேஸ்திரி ஒருநாள் மித்வல்லியின் காதில் சொன்னார். கறுப்புப் பாகைத் தின்றால் கறுப்பாகத்தானே போகும், சின்ன வயசில் நமக்குப் போகவில்லையா என்றார் மித்வல்லி. இருவரும் ஒத்துக்கொண்டார்கள். தலை சுற்றுகிறது என்றதற்கு நோன்பு என்றார்கள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றதற்கு வயசு என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் தயாராக இருந்தது.

ரமலான் பாதியைத் தாண்டிய ஒரு மாலை. பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஸக்லூல் மேஸ்திரி வந்து கதவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பு. நெற்றியில் வியர்வை. கையை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துத் தடவிக்கொண்டு, எரிகிறது என்றார்.

அதே சுவர், அதே இடம், அதே சொல். பழத்தட்டு மித்வல்லியின் கையிலிருந்து நழுவியது. மூன்று வருஷமாக இந்த ஒரு கணத்துக்காகத்தான் அந்த ஜாடி அங்கே உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை சீரகம் கிடையாது. ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி மாத்திரையை அள்ளி, மேலுறையைக் கிழித்து, ஸக்லூலின் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"மெல்லுடா. வாயைத் தொற."

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். "பாங்கு சொல்லல."

"செத்துடுவடா. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. தொற வாயை."

"பாங்கு சொல்லட்டும்."

அந்தப் பெரிய தாடையைத் திறக்க மித்வல்லியின் பலம் போதவில்லை. இரண்டு கிழவர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரிக்கக்கூடச் செய்தார்கள். மித்வல்லி அழுதுகொண்டே அடம்பிடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் உள்ளே தள்ளியிருப்பார். அதற்குள் ஸக்லூல் முன்பக்கமாகச் சரிந்து வாந்தி எடுத்தார். காபித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாகக் கொட்டியது. நாளெல்லாம் நோன்பிருந்தவன் வயிற்றில் காபி எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் விழித்தார்கள்.

யாரோ ஓடிப்போய் இனாஸைக் கூட்டிவந்தார்கள். அவள் தரையைப் பார்த்தாள், மேஸ்திரியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், பிறகு மித்வல்லியின் கைக்குள் இருந்ததைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைத் தானே பிரித்து, மாத்திரைகளை எடுத்துக்கொண்டாள்.

"இது நெஞ்சு இல்லை மாமா. வயித்துல ரத்தம் போகுது. வண்டியைக் கூப்பிடுங்க."

அப்போதுதான் பாங்கு ஒலித்தது.

அதே ஆஸ்பத்திரி. டாக்டர் மட்டும் வேறு ஆள், இந்தத் தடவை ஒரு பெண். மேஸ்திரியை உள்ளே கொண்டுபோன பிறகு அவள் வெளியே வந்து, எழுதுவதற்குப் பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"ஆஸ்பிரின் குடுத்தீங்களா?"

 இந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத்தானே மித்வல்லி மூன்று வருஷமாக வாழ்ந்தார்.

"குடுத்தேன்மா" என்றார். "தினமும்."

மேஸ்திரிக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. தெருவே நோன்பு திறந்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்றது. ரத்தம் எடுக்கிறவன் ஒவ்வொருவராகக் கேட்டான், மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. ஆஸ்பிரின் என்றான் முதல் ஆள். ஆஸ்பிரின் என்றான் அடுத்தவன். அதற்கடுத்தவனுக்கு முப்பது வயசுகூட இருக்காது. அவனும் அதையே சொன்னான். எடுக்கிறவன் நிமிர்ந்து, ஏன்யா, தெருவுக்கே இதய நோயா என்று கேட்டான். இல்லைங்க, டீக்கடையில் சும்மா கொடுக்கிறார்கள் என்றார்கள். அவன் சிரித்துவிட்டு, பரவாயில்லை, கையை நீட்டுங்கள் என்று வேலையைத் தொடர்ந்தான். சுவரோரமாக நின்ற மித்வல்லிக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேஸ்திரி பிழைத்தார். வயிற்றில் புண், அதில் ஓர் இடத்தில் ரத்தக்குழாய் திறந்திருந்தது, குழாய் விட்டு அதை அடைத்துவிட்டோம் என்றாள் டாக்டர். இனி ஆஸ்பிரினும் முதுகுவலி மாத்திரையும் எங்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்றாள். இரண்டும் சேர்ந்து, வெறும் வயிற்றில், இத்தனை நாள் தாங்கியதே பெரிது என்றும் சொன்னாள்.

மறுநாள் காலையில் மித்வல்லி ஜாடியைத் தூக்கிக் கவிழ்த்தார். அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மேஜையில் ஜாடி இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று மட்டும் நின்றது. தெரு அதைப் பார்த்தது. நோன்பு திறக்க வந்தவர்கள் பழத்தைத் தின்றார்கள், தண்ணீரைக் குடித்தார்கள், எழுந்து போனார்கள். பத்ராவிக்காக ஒருவனும் ஓதவில்லை. சொல்ல அட்டையும் இல்லை, நினைவூட்ட மாத்திரையும் இல்லை. மித்வல்லி மட்டும் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஓதினார். அண்ணனை இரண்டாவது தடவையாக அடக்கம் செய்துவிட்டு வந்தது போல இருந்தது அவருக்கு.

அதோடு முடிந்தது என்று நினைத்தார். சில நாள் கழித்து, அவர் மூடிய கடைக்குள் உட்கார்ந்து ஹுக்காக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது இனாஸ் வந்து நின்றாள். நான் அப்போதே சொன்னேனே என்று அவளாகச் சொல்லிக்காட்டும் முன் தானே சொல்லிவிடலாம் என்று மித்வல்லி ஆரம்பித்தார். ஜாடியை எடுத்துவிட்டேன், இனி என் கையால் யாருக்கும் அந்த விஷத்தைத் தரமாட்டேன் என்றார்.

"விஷம்னு யாரு சொன்னது?" என்றாள் அவள். "வஹ்தான் மாமா எங்கே வாங்குறாரு இப்போ?"

வஹ்தான் படகுக்காரர், இப்போது ஓய்வு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சடைத்து, மன்சூரா ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற கம்பி வலை வைத்துக்கொண்டு வந்தவர். ஆஸ்பிரினை ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது என்று அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். டீக்கடையில் சும்மா கிடைப்பதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று அவர் இந்தக் கடைக்கு வந்துதான் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட வாங்கி ரொம்ப நாளாச்சு. உங்ககிட்டயும் இல்லை. அப்போ அவரு போடுறதில்லைன்னு அர்த்தம். அந்தக் கம்பி வலையில ரத்தம் உறைஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மித்வல்லியின் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் மடியில் கொட்டியது. வைத்தாலும் கொலை, எடுத்தாலும் கொலையா என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார்.

இனாஸ் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதன்முறையாக அவர் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டார். ஒருதடவை நெஞ்சடைத்தவனுக்கு மறுபடி அடைக்கிற பயம்தான் பெரிது. அவனுக்குத் தராசில் மாத்திரையால் வரும் நன்மையின் தட்டு தாழ்ந்து நிற்கும், கசிவு கொஞ்சம் வந்தாலும் டாக்டர் பார்த்துக்கொள்வார். அடைக்கவே அடைக்காதவனுக்கு, அதுவும் வயசானவனுக்கு, வயிற்றில் புண் இருப்பவனுக்கு, வலி மாத்திரை தின்பவனுக்கு, கசிகிற தட்டுத்தான் தாழும். மாத்திரை ஒன்றுதான், தட்டு ஆளுக்கு ஆள் வேறு. அதை நிறுத்துப் பார்க்கத்தான் டாக்டர் இருக்கிறார். நீங்களும் தினம் போடுகிறீர்களே, உங்களை யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள். மித்வல்லி இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு, நெடுநாளாக யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

"அன்னைக்கு எங்கண்ணனுக்கு ஒண்ணு குடுத்திருந்தா பொழைச்சிருப்பாராம்மா?"

"பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது மாமா. எனக்கும் தெரியாது, அன்னைக்கு இருந்த டாக்டருக்கும் தெரியாது. நெஞ்சைப் பிடிச்சா முதல்ல வண்டியைக் கூப்பிடணும், அவங்க சொன்னா மாத்திரை குடுக்கணும். அவ்வளவுதான் தெரியும்."

ஆமாம் என்றோ இல்லை என்றோ அவள் சொல்லியிருந்தால் மித்வல்லி அதை நம்பியிருக்க மாட்டார். தெரியாது என்றதை நம்பினார். ஏனோ அது கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

வஹ்தான் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனாஸிடம் வாங்கிய பெட்டியோடு மித்வல்லி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் பெட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். ஸக்லூலைப் பார்த்த பிறகு இதைத் தொடுகிறவன் மடையன் என்றார். மூன்று வருஷம் உயிர் காக்கும் என்றாய், போன வாரம் உயிர் எடுக்கும் என்றாய், இன்றைக்கு என்ன சொல்ல வந்திருக்கிறாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"அண்ணே," என்றார் மித்வல்லி, "அவன் வயித்துல புண்ணு இருந்துச்சு. உங்க நெஞ்சுல கம்பி இருக்கு. எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இருந்த ஒரே ஜாடியில எல்லாரையும் போட்டேன். தப்பு மாத்திரை மேல இல்லை, என் மேல. நீங்க இதை நிறுத்தி உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது? ஏற்கெனவே ஒரு அண்ணனைக் குடுத்துட்டேன்."

அவர் அழுவதைப் பார்த்து வஹ்தான் தூண்டிலைச் சுற்றினார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டார். நோன்பு திறந்து, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு என்றார் மித்வல்லி. அடுத்த வாரம் இனாஸோடு போய் டாக்டரையும் பார்த்துவிட வேண்டும் என்றார். இனி இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்றும் வஹ்தான் கேட்டார். கெய்ரோக்காரர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

நோன்புப் பெருநாள் கழிந்தது. தெருவில் மறுபடி கொட்டாப்புளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலை, உடம்பு பாதியாகி, சட்டை தொளதொளக்க, ஸக்லூல் மேஸ்திரி மெல்ல நடந்து வந்து கதவோரச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். டொமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தழுவிக்கொண்டார்கள். மித்வல்லி கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றார். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு இன்றுதான் நேருக்கு நேர் பார்க்கிறார். டீயும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஸக்லூல் டீயைத் தொடவில்லை. மேஜையில் இருந்த வெளிறிய வட்டத்தைப் பார்த்தார்.

"எங்கேய்யா என் உஸ்தாதோட அட்டை?"

மித்வல்லி சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். மாத்திரை இல்லாமல் அட்டை எதற்கு என்றார்.

"மாத்திரைதான் எனக்கு ஆகாதுன்னாங்க. ஃபாத்திஹாவுக்குப் பக்கவிளைவு உண்டான்னு அந்த டாக்டர்கிட்ட கேட்டேன். இல்லைன்னுட்டா."

சொல்லிவிட்டு, பெரிய இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்தார். கட்டை விரலில் உளிக் கீறல் ஆறித் தழும்பாகியிருந்தது. உதடுகள் அசைந்தன. டொமினோக்காரர்கள் காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகளை விரித்தார்கள். பின்பெஞ்சில் இருந்தவர்களும் விரித்தார்கள். ஓதி முடித்து எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மித்வல்லி தடவிய முகம் நனைந்திருந்தது.

ஸக்லூல் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என் ரத்தம்கூடக் கெட்டியாயிடுச்சுய்யா" என்றார். "இது இன்னும் ஆகலையே."

மித்வல்லி கிளாஸை வாங்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பி, கெண்டியில் இன்னொரு கரண்டி டீத்தூளைப் போட்டார்.